ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: கடலூரில் இருபது வருடமாக ஆடிய அனுபவம்

2003-ல் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது திருப்பாப்புலியூரில் ஒரு பிரவுசிங் சென்டரில்தான் இந்த கேமை முதலில் பார்த்தேன். மணிக்கு 20 ரூபாய். போன வாரமும் ஆடினேன். நடுவில் எத்தனையோ கேம் வந்து போனது, இது மட்டும் என் கம்ப்யூட்டரை விட்டுப் போகவே இல்லை. புதிதாக வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: கையில் 3 வில்லேஜர், ஒரு குதிரைக்காரன், ஒரு டவுன் சென்டர், அதாவது ஊரின் தலைமைக் கட்டடம். சாப்பாடு, மரம், தங்கம், கல் சேர்த்து ஊரைக் கட்டி, படை திரட்டி எதிராளியை வீழ்த்த வேண்டும். 1999-ல் வந்த கேம். அடுத்த வருடம் வந்த கான்கரர்ஸ் என்ற கூடுதல் தொகுப்புதான் எங்கள் கடையில் இருந்தது.

அந்தக் கடையில் 8 கம்ப்யூட்டர். இதிலும் ஒரே நேரத்தில் 8 பேர் வரை ஆடலாம். சனிக்கிழமை சாயங்காலம் மஞ்சக்குப்பம் பையன்கள் ஒரு பக்கம், தேவனாம்பட்டினம் பையன்கள் ஒரு பக்கம். முதல் 20 நிமிடம் யாரும் யாரையும் அடிக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். மீறினால் கடைக்கார அண்ணன் எழுந்து வந்து, "டேய், கேபிளைப் புடுங்கிடுவேன்" என்பார்.

அங்கே கற்ற முதல் பாடம் பன்றி இழுப்பது. ஒரு காட்டுப்பன்றியில் 340 சாப்பாடு. ஒரே ஒரு வில்லேஜரை அனுப்பி அம்பு விட்டதும் திருப்பி ஓட்டிவர வேண்டும். பன்றி அவனைத் துரத்திக்கொண்டே டவுன் சென்டர் வாசலுக்கு வரும். அங்கே ஆடு அறுத்துக்கொண்டிருக்கும் மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து அதை அடிக்க வேண்டும். கை ஒரு நொடி தாமதித்தால் ஆள் போய்விடுவான். அப்போதைய மவுசில் அடியில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும், அழுக்கு சேர்ந்தால் அம்புக்குறி திக்கித் திக்கி நகரும். அதனால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் எட்டு பேரும் மவுசைக் கவிழ்த்து, உருண்டையைக் கழற்றிச் சட்டையில் துடைத்து, உள்ளே ஒட்டியிருக்கும் கறுப்பு வளையத்தை நகத்தால் சுரண்டி எடுப்போம். இன்றைக்கும் இந்த கேமைத் திறந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் சுரண்டல்தான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் தனி ஒட்டுதல் உண்டு. 1690-ல் இங்கிலீஷ் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள ஊர்களும் சேர்ந்தே கைமாறின. குண்டு கிராமங்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஊர்ப் பையன் ஒருவன் கல் எறியும் ட்ரெபுஷே பொறியை நிறுத்தியதும், "இது எதுவரைக்கும் போவுதோ அதுவரைக்கும் எங்க ஊரு" என்று கத்துவான். அதன் வீச்சு 16 கட்டம். நிஜமாகவே பாதி மேப் அவனிடம் போய்விடும்.

இதை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸ் 2009-ல் மூடப்பட்டது. அது எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை, எங்களிடம்தான் சிடி இருந்ததே. ஆனால் 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை கடந்தது. கடையின் ஷீட் கூரை போனது, கம்ப்யூட்டர்கள் நனைந்தன, கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. பண்ருட்டிப் பக்கம் அண்ணனுக்கு இருந்த முந்திரித் தோப்பும் சாய்ந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் கடையைத் திறக்கவே இல்லை. பையன்களும் சென்னை, சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பிவிட்டார்கள்.

எங்கள் கூட்டம் கலைந்த அதே சமயத்தில் வேறெங்கோ இருந்த ரசிகர்கள் இந்த கேமைக் கையில் எடுத்திருக்கிறார்கள். 2012-ல் இந்தியர், இத்தாலியர், இன்கா உட்பட 5 புது இனங்களைச் சேர்த்து ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்று இலவசமாகவே வெளியிட்டார்கள். 2013-ல் எச்டி பதிப்பு வந்தது, அதே வருடம் அந்த ரசிகர்களின் வேலை அதிகாரபூர்வத் தொகுப்பாகவும் வந்தது. பிறகு அந்தக் குழுவே ஒரு ஸ்டூடியோவாக வளர்ந்து, 2019-ல் வந்த டெபினிட்டிவ் எடிஷனிலும் முக்கியப் பங்கு வகித்தது. நான் பத்து வருடத்துக்கு மேல் காசு கொடுத்தும் கொடுக்காமலும் ஆடிய ஒன்றை, முகம் தெரியாத சிலர் பழுது பார்த்துக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

இப்போது ஆடுவது டெபினிட்டிவ் எடிஷன்தான். முன்பெல்லாம் வயல் தீர்ந்துபோனால் வில்லேஜர் சும்மா நிற்பான். சண்டை மும்முரத்தில் கவனிக்காமல் விட்டால் ஊரே பட்டினி. இப்போது வயல் தானாகவே மறுபடி விதைத்துக்கொள்ளும். வயசானவர்களுக்கு இது வரம். குறை என்றால் கனம். பழைய கேம் எந்த டப்பா கம்ப்யூட்டரிலும் ஓடியது, இது என் பழைய லேப்டாப்பில் 8 பேர் ஆட்டத்தில் திணறிவிட்டது. தனி கிராபிக்ஸ் கார்டு போட்டுப் புது சிஸ்டம் வாங்கின பிறகுதான் சரியானது.

2022-ல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா தொகுப்பில் திராவிடர்கள் தனி இனமாக வந்தார்கள். சுருள்வாள் வீசும் காலாட்படை, திரிசடை என்ற பெரிய கப்பல், கவசத்தைப் பொருட்படுத்தாமல் வெட்டும் ஊட்ஸ் எஃகு, அதாவது நம்ம உருக்கு. கனரகக் குதிரைப்படை கிடையாது, அதனால் தரையில் தடுமாறத்தான் செய்யும். தண்ணீர் மேப்பில் அசத்தும். ராஜேந்திர சோழனுக்குத் தனிக் கதைத்தொடரே இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரம் எங்களுக்குக் காட்டுமன்னார்கோவில் தாண்டினால் வந்துவிடும் ஊர். சின்ன வயதில் அந்தக் கோயில் புல்தரையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டவன், அதே ராஜாவின் கப்பல்களை மவுசால் நகர்த்தும்போது உடம்பு சிலிர்த்துவிட்டது.

பழைய கூட்டத்தில் மூன்று பேர் மிச்சம். ஞாயிறு ராத்திரி இங்கே 10 மணி, துபாயில் எட்டரை, சிங்கப்பூரில் பன்னிரண்டரை. போனில் பேசிக்கொண்டே ஆடுகிறோம். ஆட்டம் அருமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தோற்றவன் முகத்தைப் பக்கத்து நாற்காலியில் பார்க்க முடியவில்லை என்ற ஏக்கம் மட்டும் போகவில்லை.

வாங்குவதாக இருந்தால் முதலில் அடிப்படைப் பதிப்பை மட்டும், தள்ளுபடி வரும்போது வாங்குங்கள். கேமுக்குள்ளேயே புதியவர்களுக்காக இருக்கும் வில்லியம் வாலஸ் பயிற்சிப் பாடங்களை ஆடிக் கையைப் பழக்குங்கள். பன்றி இழுக்க வந்துவிட்டால் அப்புறம் இந்தியத் தொகுப்பை எடுக்கலாம். ராஜேந்திரனுக்குப் போவதற்கு முன் கப்பல் சண்டையை நாலைந்து ஆட்டமாவது பழகிவிடுங்கள்.