தோட்டத்து ரயில் தளத்தில் எந்தக் காரை நிறுத்துவது? நான்கு அளவுகள், ஒரு செம்மண் சாலை

மாதிரி ரயில் கட்டுகிறவர்கள் தண்டவாளத்துக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். சாலையில் நிறுத்தும் வண்டிகளை மட்டும் கடைசி நேரத்தில் கையில் அகப்பட்டதிலிருந்து பொறுக்கி வைப்பார்கள். பார்க்க வருகிறவர்களின் கண்ணோ முதலில் காரில்தான் விழுகிறது. ஒரு டீசல் என்ஜின் எத்தனை அடி உயரம் என்று கேட்டால் ரயில்வேயில் வேலை பார்த்தவரே சற்று யோசிப்பார். மோரிஸ் மைனரின் கூரை நம் மூக்கு மட்டத்தில் நிற்கும் என்பதை அந்தக் காரில் ஒருமுறை ஏறி இறங்கியவர் யாரும் யோசிக்காமலே அறிவார். ரயிலில் ஐந்து விழுக்காடு பிசகினால் கண் மன்னித்துவிடும். காரில் பிசகினால் எது என்று சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ சரியில்லை என்று முகம் சுளிக்கும்.

1:76, 1:87, 1:64, 1:150 என்ற நான்கு மாதிரி அளவுகளை ஒப்பிடும் இதை, மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். 1:76 என்றால் உண்மை வண்டியில் எழுபத்தாறில் ஒரு பங்கு; மற்றவையும் அப்படியே. 1960களின் ஊர்: ரயில் நிலையம், அதன் எதிரே ஐந்தடிப் பாதையோடு கடைவீட்டு வரிசை, பால்மரங்களுக்கு (ரப்பர்) நடுவே போகும் செம்மண் சாலை, அதன் முடிவில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், பின்னால் சுண்ணாம்புக் குன்று. பேராவில் வேறு எந்தத் தோட்டத்து ஊரைக் கட்டினாலும் கணக்கு இதுவேதான்.

முதலில் தண்டவாளத்தைப் பார்த்துவிட வேண்டும். சிக்கலே அங்கிருந்துதான் பிறக்கிறது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை 1885-இல் போட்ட முதல் தடத்திலிருந்தே நம்முடையது மீட்டர் பாதை, அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர். உலக நிறுவனங்கள் செய்யும் மாதிரிகளில் பெரும்பாலானவை 1435 மில்லிமீட்டர் பாதைக்கானவை. அதை 1:87-ஆகச் சுருக்கினால் 16.5 மில்லிமீட்டர் வரும். எச்ஓ (HO) என்ற பெயரில் விற்கும் மாதிரித் தடத்தின் அகலம் அதுதான். பிரிட்டனில் அந்தக் காலத்து மோட்டார் அவர்களுடைய சிறிய என்ஜின் உடலுக்குள் அடங்கவில்லை. அதனால் உடலை மட்டும் 1:76 ஆக்கி, அதே 16.5 தடத்தின் மேல் ஏற்றிவைத்தார்கள். ஓஓ (OO) என்ற அந்த ஒட்டுப்போட்ட ஏற்பாடு இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் மீட்டர் பாதைக்குக் கடையில் கிடைக்கும் தடங்களைப் பொருத்திப் பார்த்தால் இப்படி வருகிறது. 12 மில்லிமீட்டர் தடம் 1:87-இல் 1044 மில்லிமீட்டருக்குச் சமம். எச்ஓவுக்கு உரிய 16.5 தடத்தையே 1:64-க்கு எடுத்துக்கொண்டால் 1056. 6.5 தடம் 1:150-இல் 975. 12 தடத்தை 1:76-க்குப் போட்டால் 912. தண்டவாளத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் முதலிடம் 1:150-க்கு, கடைசி இடம் 1:76-க்கு. சாலைக்கு இறங்கினால் கடைசியில் நின்றதே முதலிடத்துக்கு வருகிறது.

1:76-ஐ முதலில் எடுத்துக்கொள்கிறேன், என் கட்சி அதுதான். காரணம் வரலாறு. மலாயாத் தோட்டங்களில் ஓடியவை பிரிட்டிஷ் வண்டிகள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு லேண்ட் ரோவர், கணக்கெழுதும் கிராணிக்கோ மருந்தகத்து டிரெஸ்ஸருக்கோ மோரிஸ் மைனர் அல்லது ஆஸ்டின், சரக்குக்கு பெட்ஃபோர்டு லாரி. இவை எல்லாவற்றையும் 1:76-இல் ஆக்ஸ்ஃபர்ட் டைகாஸ்ட் போன்றவர்கள் செய்கிறார்கள். ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம், நம் ஊரைப் போலவே. இன்னொரு வசதியும் உண்டு. பிரிட்டனில் வெள்ளையும் மஞ்சளுமான எண் பலகை 1973-இல்தான் கட்டாயமாயிற்று. அதற்கு முந்திய வண்டிகளின் மாதிரிகளில் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்துதான் இருக்கும். நம் பலகையும் அதே நிறம்.

அளவு சரிதானா என்று பார்க்க லேண்ட் ரோவரைப் போல் வசதியான வண்டி வேறில்லை. சிறிய வகையின் பெயரிலேயே விடை இருக்கிறது. அது '88' என்று அழைக்கப்படுவது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 88 அங்குலம் இருப்பதால். அதாவது 2235 மில்லிமீட்டர். 1:76-இல் 29.4, 1:87-இல் 25.7, 1:64-இல் 34.9. வெர்னியர் காலிப்பரை முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவுக்கு வைத்துப் பாருங்கள். பெட்டியில் அச்சடித்த எண் மெய்யா பொய்யா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். முழு நீளத்தை அளப்பதில் பயனில்லை. பம்பர், மாற்றுச் சக்கரம், பின்கொக்கி என்று ஏதாவது ஒன்று ஏமாற்றும்.

அடுத்து 1:87. வேலைப்பாட்டை மட்டும் வைத்துப் பரிசு கொடுப்பதானால் இதற்குத்தான் கொடுக்க வேண்டும். ஹெர்பா, வீக்கிங், பிரெக்கினா, புஷ் ஆகிய ஜெர்மன் நிறுவனங்களின் பிளாஸ்டிக் உடல்களில் கதவு இடுக்கு மயிரிழையாக இருக்கும், கண்ணாடி உள்ளே அமுங்காமல் உடலோடு ஒட்டி நிற்கும். உலோக வார்ப்பில் அந்த மென்மை வருவதில்லை, மேலே பூசும் சாயம் ஓரங்களை மழுக்கிவிடுகிறது. 12 மில்லிமீட்டர் தடத்தோடும் கச்சிதமாகப் பொருந்தும். அப்படியிருந்தும் என் கடைத்தெருவில் இதற்கு முழு அனுமதி இல்லை.

முதல் தடை, ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கிறது. மூடிய காரில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பஸ்ஸில் முடியாது. ஏறி இறங்கும் கதவு வலப்பக்கம் இருப்பதால், நிறுத்தத்தில் நிற்கும் பயணிகள் நடுச்சாலைக்கு ஓடித்தான் ஏற வேண்டும். லாரிகளும் ஐரோப்பிய முகம் கொண்டவை. ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் நான் கதவைத் திறந்துவிடுவேன்: மெர்சிடிஸ். வெளியூர் டாக்சி என்றாலே டீசல் மெர்சிடிஸ் என்றிருந்த காலம் அது. வால்பக்கம் துடுப்புப் போல் எழும்பிய அந்தப் பழைய மாடலை 1:87-இல் அழகாகச் செய்திருக்கிறார்கள். உடலுக்குக் கறுப்பு, கூரைக்கு மஞ்சள் அடித்துவிட்டால் ஈப்போவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு நிற்கும் டாக்சி ஆயிற்று.

பழைய பொருள் விற்கும் கடைகளில் வீக்கிங் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த நிறுவனத்தின் பழைய தயாரிப்புகள் 1:90-ஐ ஒட்டியவை. பிற்பாடுதான் 1:87-க்கு வந்தார்கள். காரில் வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்தான், விட்டுவிடலாம். நீண்ட லாரியில் தெரியும்.

"மாமா, எழுபத்தாறுக்கும் எண்பத்தேழுக்கும் பதினொன்றுதானே வித்தியாசம், யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்?" என்று அக்காள் மகன் கேட்டான். பதில் சொல்லாமல் அவன் முன்னால் 1:76 மோரிஸ் மைனரை வைத்து, பக்கத்தில் 1:87 மனிதப் பொம்மை ஒன்றை நிறுத்தினேன். காரின் உண்மை உயரம் 1.52 மீட்டர், மாதிரியில் 20 மில்லிமீட்டர். ஐந்தடி ஐந்தங்குலம் உள்ள ஓர் ஆள் 1:87-இல் 19 மில்லிமீட்டர். கூரைக்கு மேலே தலை தெரிய வேண்டிய ஆள் காருக்குப் பின்னால் முழுவதுமாக மறைந்துபோனார். பையனும் பேசாமல் பொம்மையை எடுத்து உள்ளே வைத்துவிட்டான். நீளத்தில் பதினான்கரை விழுக்காடு என்பது கேட்பதற்குச் சிறிதுதான். நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து வளரும்போது பருமன் ஒன்றரை மடங்காகிவிடுகிறது.

1:64 பக்கம் வந்தால் பேச்சு சூடாகும். பேரங்காடியில் தொங்கும் ஹாட் வீல்ஸ் கார் பத்து வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கிறது. ஆக்ஸ்ஃபர்ட் வண்டிக்கு அதைப்போல் பல மடங்கு கொடுத்து, தபால் செலவும் கட்ட வேண்டும். மலிவானது என்ற ஒரே காரணத்துக்காக இவற்றை ஓஓ தளத்தில் வைப்பவர்கள் ஏராளம். வைக்கக் கூடாது என்பதே என் முடிவு. 1:76-க்குப் பக்கத்தில் மெய்யான 1:64 கார் பருமனில் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு இருக்கும். தோட்டத்து கிராணியின் கார் துரையின் லேண்ட் ரோவரை விழுங்கிவிடும்.

அதோடு, பொம்மைக் கார்களுக்கு 1:64 என்பது பேச்சுக்குத்தான். அட்டைக்கும் பெட்டிக்கும் அடங்குகிற மாதிரி உடலைக் கூட்டிக் குறைத்துச் செய்வது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். லெஸ்னி நிறுவனம் 1953-இல் மேட்ச்பாக்ஸ் வண்டிகளைத் தொடங்கியபோதே தீப்பெட்டி அளவுப் பெட்டிதான் சட்டம்: காரும் பஸ்ஸும் அதே பெட்டிக்குள் போக வேண்டும், விகிதம் எப்படிப் போனாலும் சரி. ஜப்பானியப் பொம்மைக் கார்களான டோமிகாவிடம் ஒரு நேர்மை உண்டு. வண்டியைக் கவிழ்த்து அடித்தட்டைப் பார்த்தால் விகிதத்தை அச்சடித்திருப்பார்கள். ஒரு காரில் 1/60-ஐ ஒட்டிய எண் இருக்கும், பஸ்ஸில் 1/130-ஐத் தாண்டிய எண் இருக்கும். இரண்டும் உள்ளங்கையில் ஒரே நீளம். குழந்தை விளையாடுவதற்கு அதனால் ஒரு குறையும் இல்லை, ஒரே தெருவில் நிறுத்தத்தான் ஆகாது.

மெய்யான 1:64 வேண்டுமானால் இன்னோ64, டார்மாக் வொர்க்ஸ் போன்றவர்களிடம் போக வேண்டும். அளவு கறாராக இருக்கும். ஆனால் பெரும்பாலும் பந்தயக் கார்கள். கள்ளுக்கடை வாசலில் நிசான் ஜிடிஆரை நிறுத்த எந்தத் தோட்டத்தில் ஆள் இருந்தது?

ஆனாலும் 1:64-ஐ நான் முழுவதும் தள்ளிவிடவில்லை. மேலே சொன்ன 1056 என்ற எண்ணைத் திரும்பப் பாருங்கள். நியூசிலாந்திலும் குவீன்ஸ்லாந்திலும் மூன்றரை அடிப் பாதை, அதாவது 1067 மில்லிமீட்டர். அங்குள்ளவர்கள் சாதாரண எச்ஓ தடத்தின் மேல் 1:64 ரயில்களைக் கட்டிவருவது இந்தக் கணக்கை வைத்துத்தான். ரயில் பெட்டியைத் தாமே அட்டையில் வெட்டியோ முப்பரிமாண அச்சில் எடுத்தோ செய்யும் பொறுமை உள்ளவர்களுக்கு இது நல்ல வழி. தடமும் சக்கரமும் எங்கும் கிடைக்கும், ஓரளவு ஒத்துப்போகும் கார்கள் பேரங்காடியிலேயே தொங்கும். இடம்தான் வேண்டும். தோட்டத்து வீட்டு முன்கூடம் போதாது.

1:150 இதற்கு நேர் எதிர், மேசைமேல் ஓர் ஊரையே அடக்கிவிடலாம். ஜப்பானியர்களுடைய 'என்' (N) எனப்படும் அளவு இது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் 1:160, பிரிட்டனுக்கு 1:148. 148-க்கும் 150-க்கும் உள்ள வேறுபாடு காலிப்பருக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. பிரிட்டிஷ் சிறு கார்களையும் டோமிடெக்கின் ஜப்பானிய வண்டிகளையும் தயங்காமல் கலக்கலாம். 1980களுக்குப் பிந்திய ஊரைக் கட்டுவதாக இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதையே சொல்வேன். ஜப்பானிலும் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன, பஸ் கதவு நமக்கு வேண்டிய பக்கத்திலேயே இருக்கிறது, ஹினோவும் இசுசுவும் நம் சாலைகளில் ஓடும் அதே லாரிகள். செம்பனைக் குலை ஏற்றுவதற்குக் கடுகை எடுத்துச் செங்கறுப்புச் சாயத்தில் புரட்டிப் பின்தட்டில் குவித்தால் ஏறக்குறையப் பொருந்துகிறது. 1:76-இல் அதே வேலைக்கு மிளகு. அதன் சுருக்கம் விழுந்த தோல் குலையின் முள்முரட்டை இன்னும் நன்றாகக் காட்டுகிறது.

1:150-இன் பலவீனம் தடிமன். கண்ணாடிச் சட்டமும் கதவு இடுக்கும் எவ்வளவு மெல்லியதாகச் செய்தாலும் நூற்றைம்பது மடங்கு பெரிதாகிக் கண்ணில் படும். 0.3 மில்லிமீட்டர் இடுக்கு என்றால் உண்மைக் காரில் நான்கரை சென்டிமீட்டர். விரலை விட்டே கதவைத் திறந்துவிடலாம்.

எந்த அளவானாலும் நான் முதலில் கவிழ்த்துப் பார்ப்பது டயரின் அகலத்தைத்தான். லேண்ட் ரோவரின் டயர் ஆறு அங்குல அகலம், 1:76-இல் சரியாக 2 மில்லிமீட்டர். உருட்டி விளையாடுவதற்காகச் செய்த வண்டிகளில் இது இரண்டு மடங்குகூட இருக்கும். உடல் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் அந்தத் தடித்த சக்கரம் அதைப் பொம்மையாக்கிவிடும். நல்ல செய்தி என்னவென்றால், சக்கரத்தை மாற்றலாம். செம்மண் சாலையில் பாதிச் சக்கரம் மண்ணில் புதைய நிறுத்திவிட்டால் மாற்றவும் தேவையில்லை.

இரண்டு அளவுகளைக் கலப்பதானால் தூரத்தைப் பார்த்துக் கலக்க வேண்டும். மேசையின் முன் விளிம்பில், ரயில் நிலையத்தை ஒட்டி, 1:76. அதற்குப் பின்னால், ஒரு கட்டடமோ மரவரிசையோ மறைக்கும் இடத்துக்கு அப்பால், 1:87 மெர்சிடிஸ் டாக்சி. குன்றின் அடிவாரத்தில் போகும் சாலையில் 1:150 லாரி ஒன்று. இடையில் மறைப்பு இருந்தால் கண் இதைத் தூரம் என்று எடுத்துக்கொள்ளும். ஒரே கடை வரிசையின் முன்னால் பக்கம் பக்கமாக நிறுத்தினால் உடனே கண்டுபிடித்துவிடும்.

எண் பலகையைக் கடைசியில் மாற்றுங்கள். பேராவுக்கு 'ஏ' எழுத்து. நம் பலகையில் எழுத்தின் உயரம் 70 மில்லிமீட்டர், 1:76-இல் 0.9. லேசர் அச்சுப்பொறியில் கறுப்புப் பின்னணியோடு அடித்தால் உருப்பெருக்கி இல்லாமலே படிக்க முடிகிறது. 1:87-இல் 0.8, கண் நல்லவருக்குச் சரி. 1:150-இல் அரை மில்லிமீட்டர்கூட வராது, கறுப்புப் பட்டையில் வெள்ளைப் புள்ளி நான்கைந்து வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.