தொலைபேசி மணியையும் சேர்த்துத் தாருங்கள்

பழைய கேசட்டுகள், ஸ்லைடுகள், சூப்பர் 8 படச்சுருள்கள் ஆகியவற்றைக் கணினிக் கோப்புகளாக மாற்றி, அவற்றைக் கொண்டு ஒரு நினைவுப் புத்தகமும் அச்சிட்டுத் தரும் ஒரு நிறுவனத்திடம், என் பெற்றோர் விட்டுச்சென்ற பெட்டி ஒன்றைக் கடந்த ஆண்டு ஒப்படைத்தேன். அதில் 14 கேசட்டுகளும், 9 படச்சுருள்களும், ஏறத்தாழ 600 ஸ்லைடுகளும், ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தன. வேலை முடிய 11 வாரங்கள் ஆயின. மொத்தம் 780 பவுண்டு செலவாயிற்று. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

அப்பா மதுரை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1962-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி காமன்வெல்த் நாட்டினருக்கு வழங்கப்பட்ட வேலை அனுமதிச் சீட்டுடன் 1967-இல் பிரிட்டனுக்கு வந்தார்; அம்மா அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தார். ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்தபின், தெற்கு வேல்ஸின் ரோண்டா பள்ளத்தாக்கில் குடும்ப மருத்துவராக நிலைகொண்டார். நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டுப்போன சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த அந்த ஊர்களுக்கு வர உள்நாட்டு மருத்துவர்கள் பலர் தயங்கியதால், இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்தவர்களே அங்கெல்லாம் பணியிடங்களை நிரப்பினார்கள். அக்காலத்தில் குடும்ப மருத்துவர் தம் பட்டியலில் உள்ளவர்களுக்கு இரவும் பகலும் பொறுப்பாளி. இரவுப் பொறுப்பைக் கைவிட வழிசெய்த ஒப்பந்தம் 2004-இல்தான் வந்தது. அப்பா காரில் வீடு வீடாகச் சென்றுகொண்டிருக்க, வீட்டில் தொலைபேசியை எடுத்தவர் அம்மா. கைபேசி இல்லாத அந்நாட்களில், இந்நேரம் அவர் எந்தத் தெருவில் இருப்பார் என்று கணித்து, அத்தெருவில் தொலைபேசி வைத்திருந்த யாரையேனும் அழைத்து அவசரச் செய்தியைச் சேர்ப்பிப்பார். இதற்கு அவருக்குச் சம்பளமும் இல்லை, பதவிப்பெயரும் இல்லை. சேவையை மதிப்பிடுவதற்கு இவ்வளவும் எதற்கு என்று தோன்றலாம். நிறுவனம் எங்கே சறுக்கியது என்பது இதைச் சொல்லாமல் விளங்காது.

தொழில்நுட்ப வேலையில் குறை சொல்ல இடமில்லை. கேசட்டுக்குள் நாடாவை ஒலிவாங்கும் முனையோடு ஒட்டி அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் துண்டு, ஐந்து கேசட்டுகளில் பசை காய்ந்து உதிர்ந்துவிட்டிருந்தது. அந்நிலையில் ஓட்டினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலிருக்கும். அவர்கள் நாடாவை மட்டும் எடுத்து வேறு கூட்டுக்குள் மாற்றிச் சுற்றி ஓட்டியிருந்தார்கள். ஸ்லைடுகளில் கோடக்ரோம் வகையின் வண்ணம் 50 ஆண்டுகளுக்குப் பின்னும் அப்படியே இருந்தது. மற்ற வகைகள் ரோஜா நிறத்துக்குத் திரும்பியிருந்தன. அவற்றைச் சீர்செய்தபோது அம்மாவின் பட்டுப்புடவை அரக்குச் சிவப்பில் மீண்டதே தவிர, முகங்களின் நிறத்தை அவர்கள் வெளுப்பாக்கிவிடவில்லை. மூன்றரை நிமிடத்துக்கும் குறைவாகவே ஓடும் ஒவ்வொரு சூப்பர் 8 சுருளும் தெளிவாகவே வந்திருந்தது.

சிக்கல் ஒலியில் இருந்தது. இந்தக் கேசட்டுகள் கடிதங்கள். ஒரு பக்கத்தில் அம்மா பேசி மதுரைக்கு அனுப்புவார். மறுபக்கத்தில் பாட்டி பதில் பேசித் திருப்பி அனுப்புவார். கோப்பு வந்த அன்றிரவு முதல் கேசட்டைக் கேட்டேன். மாவடு ஜாடியின் அடியில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்த அம்மா, திடீரென்று, "எங்கம்மா விட்டேன்? ஆங், மாவடு" என்கிறார். விட்டதே இல்லையே, எங்கே விட்டேன் என்று ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. மூன்றாவது கேசட்டிலும் அதே கேள்வி வந்தபோதுதான் நடுவில் ஏதோ வெட்டப்பட்டிருக்கிறது என்று உறைத்தது.

விசாரித்ததில், 'இடையூறுகளையும் மௌனங்களையும் நீக்குதல்' என்ற சேவை படிவத்தில் முன்கூட்டியே தேர்வு செய்யப்பட்டிருந்ததும், நான் அதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டதும் தெரிந்தன. என் கவனக்குறைவும் இதில் உண்டு. ஆனாலும் மொழி தெரியாத ஒருவர் எது இடையூறு என்று தாமே முடிவு செய்திருக்கக் கூடாது. நல்லவேளையாக மூலப்பதிவை அழிக்காமல் வைத்திருந்து, கேட்டவுடன் கட்டணமின்றி அனுப்பிவைத்தார்கள். வெட்டுண்டவை மொத்தம் 42 நிமிடங்கள். மாவடுவுக்கு நடுவே மணி அடிக்கிறது. பதிவுப் பெட்டியை நிறுத்தாமலே அம்மா எழுந்துபோய் "டாக்டர்ஸ் ஹவுஸ்" என்கிறார். குழந்தையின் உதடு நீலமாக இருக்கிறதா, பால் குடித்ததா, எத்தனை மணியிலிருந்து இப்படி இருக்கிறது என்று அவசரமே இல்லாத ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். பிறகு இரண்டு எண்களைச் சுழற்றி அப்பாவைத் தேடிப் பிடித்து, தமிழில் நான்கே சொற்களில் செய்தியைச் சொல்லிவிட்டு, திரும்பி வந்து பாட்டியிடம் கேட்கிறார், எங்கே விட்டேன் என்று.

நோட்டுப் புத்தகத்துக்கு நேர்ந்ததைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். அது தொலைபேசிக்கு அருகில் கிடந்த குறிப்பேடு. வேல்ஸ் ஊர்ப்பெயர்களையும் அம்மா தமிழிலேயே எழுதியிருப்பார். 'ட்ரியார்க்கி, 3 வயது, காது வலி, இரவு 11.40' என்பது போன்ற வரிகளே பக்கம் பக்கமாக இருக்கும். அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளர், இந்தியப் பெண்ணின் கையெழுத்து என்றால் சமையல் குறிப்பாகத்தான் இருக்கும் என்று கருதி, புத்தகத்தின் முதல் வரைவில் அப்பக்கங்களை எங்கள் வீட்டுத் தீபாவளிப் பலகாரப் படங்களோடு சேர்த்துவிட்டார். சுட்டிக்காட்டியதும் மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார்.

புத்தகத்தின் படத் தேர்வும் அதே வகையானது. முகம் தெளிவாக உள்ள படங்களையே அவர்களுடைய மென்பொருள் முன்னிறுத்துகிறது. கேமரா பெரும்பாலும் அம்மாவின் கையில் இருந்ததால், 80 பக்க வரைவில் அப்பா எல்லாப் பக்கங்களிலும் இருந்தார். அம்மா ஏழு படங்களில் மட்டும் இருந்தார். 1984–85 சுரங்க வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் மன்றத்தின் பொதுச் சமையலறையில், முதுகைக் காட்டி நின்றபடி அம்மா பெரிய பாத்திரத்தைக் கிளறும் படத்தை நான் வற்புறுத்திய பின்பே ஒரு முழுப் பக்கத்தில் வைத்தார்கள். தமிழ்ப் படவிளக்கங்களில் கொம்புகள் எழுத்துக்கு முன்னே நிற்காமல் பின்னே போய் உட்கார்ந்திருந்தன. விளக்கங்களை நானே தட்டச்சு செய்து படக்கோப்பாக அனுப்பியதும் அச்சு சரியாக வந்தது. தாளும் கட்டமைப்பும் உயர்தரமானவை.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். சேதமுற்ற நாடாவை இவர்களை நம்பிக் கொடுக்கலாம். தேர்வையும் தொகுப்பையும் மட்டும் கொடுக்க வேண்டாம். மூலப்பதிவைக் கட்டாயம் கேட்டுப் பெறுங்கள். தமிழில் எழுதிய எதையும் இன்னதென்று ஒரு தாளில் குறித்து உடன் வையுங்கள். மாமா வீட்டுப் பரணிலிருந்து இன்னும் நான்கு கேசட்டுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றையும் இதே நிறுவனத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறேன். இம்முறை ஒவ்வோர் உறையின்மீதும் சிவப்பு மையில், மணி அடித்தாலும் வெட்டக் கூடாது என்று எழுதி.