38,500 ரூபாய்க்கு என் ஸ்பிரிங்கையே எனக்கு விற்றார்கள்

தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன்: 38,500 ரூபாய். கோவையில், கார்களுக்குப் பந்தயப் பாகங்கள் பொருத்தித் தருவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு கடையில் போன மாதம் எண்ணிக் கொடுத்தேன். என்ன வாங்கினேன் என்பது நேற்று மாலைதான் தெரிந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். ஆறிவிட்டால் வழக்கம்போல் தொலையட்டும் என்று விட்டுவிடுவேன்.

என் கார் ஸ்விஃப்ட். அக்கா வால்பாறையில் இருக்கிறாள், மாதம் ஒரு முறையாவது ஆழியாறு வழியாக ஏறுவேன். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். கொஞ்சம் வேகமாகப் போனால் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் முன்பக்கம் வளைவுக்கு வெளியே ஓடப் பார்க்கும். இதற்கு வழி உண்டா என்று கேட்கத்தான் போனேன்.

கடைக்காரர் சிமென்ட் தரையில் சாக்பீஸால் நான்கு சக்கரங்களை வரைந்தார். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் எடை முன்னால் குவிந்திருக்கிறது. பின்னால் இருப்பது டார்ஷன் பீம், இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கிற, முறுகிக்கொடுக்கும் இரும்புச் சட்டம். பின் ஸ்பிரிங்கைச் சற்று விறைப்பாக்கினால் வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்குச் சாயும் எடையில் கூடுதல் பங்கு பின்பக்கம் போய்விடும், முன் டயர்களுக்குப் பிடிப்பு மிஞ்சும், வண்டி திரும்பும் என்றார். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

நான் விழுந்தது அதற்கு அடுத்த பேச்சில். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள விலையுயர்ந்த முழு செட்டைக் காட்டிக் கேட்டேன். “அது உங்களுக்கு எதற்கு சார்? குடும்பத்தோடு போகிறீர்கள். பின்பக்கம் மட்டும் போதும். வேண்டாததை விற்று நான் என்ன கட்டிக்கொண்டு போகப்போகிறேன்?” என்றார். மனம் இளகிவிட்டது. இறக்குமதி ஸ்பிரிங் இரண்டு, வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பர் இரண்டு, பின்சக்கரங்களின் கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணத்தைச் சரிசெய்யும் கூலி, எல்லாம் சேர்த்து 38,500. ரொக்கமாகக் கொடுத்தேன். “நான்கு மணி நேரம் ஆகும் சார், சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.” போய்ச் சாப்பிட்டேன், மடையன்.

திரும்பி வந்தபோது பின்பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. உள்ளே சிவப்பாக ஸ்பிரிங் மின்னியது. பழையது எங்கே என்றேன். “அந்தக் குப்பை எதற்கு சார், இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டேன்.” சிரித்தேன். நானும் சேர்ந்து சிரித்தேன்!

முதல் வாரமே வேகத்தடையில் இறங்கும்போதெல்லாம் ‘டங்’கென்று சத்தம். தொலைபேசியில் கேட்டால், “புதிது சார், ஐந்நூறு கிலோமீட்டர் ஓடட்டும், அமர்ந்துவிடும்.” ஓடியது, அமரவில்லை. அடுத்த முறை டயர் காற்று அதிகமாம். அதற்கடுத்து நான் ஓட்டும் விதமே சரியில்லையாம்.

போன ஞாயிறு மலையிறங்கினோம். பின்னிருக்கையில் அக்காவும் அவள் மகனும். ஒன்பதாவது வளைவில் பிரேக்கை விட்டுத் திருப்பும்போது ஒரு பள்ளம். பின்னால் ஏதோ முட்டியது, மறுகணம் வண்டியின் வால் வெளிப்பக்கமாக வழுக்கியது. எதிரே பஸ் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. ஊர் வந்து சேரும்வரை அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்று வீல் அலைன்மென்ட் செய்யும் இடத்தில் இருந்த வயதான மெக்கானிக் வண்டியை ஏற்றிப் பார்த்துவிட்டு ஸ்பிரிங்கை நகத்தால் சுரண்டினார். சிவப்புக்குக் கீழே கறுப்பு. அதில் கம்பெனியில் வைத்த சாயக்கோடு அப்படியே இருந்தது. ஒரு முனையில் கேஸால் வெட்டிய கருகல். ஒன்றரைச் சுற்றை வெட்டியிருக்கிறார்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும்தான், ஆனால் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தான் உட்காரும் இடத்தை விட்டுக் கழன்று ஆடும். அதுதான் அந்த ‘டங்’. அமுங்கும் தூரமும் குறைந்துபோனதால் வளைவின் நடுவில், அளவுக்கு மேல் அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டி, பின் டயர் பிடிப்பை விட்டிருக்கிறது. ஷாக் அப்சார்பர்? என் பழையதுதான், சாயம் பூசியது. கேம்பர் கூலியைச் சொன்னபோது அந்தப் பெரியவர் சிரித்தேவிட்டார்: “இந்த வண்டியில் பின்னால் கேம்பர் திருப்ப ஆணியே கிடையாது, தம்பி.”

உடனே கடைக்குப் போனேன். “ரசீது இருக்கிறதா சார்?” இருக்கிறது, கடைப் பெயர் இல்லாத துண்டுச்சீட்டு: ‘பின் செட் 38,500’. “வெட்டியது நீங்களாகவும் இருக்கலாமே” என்றார், அதே சிரிப்போடு. இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை.

நல்ல செட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். பொறுமையில்லை. பழைய பாகங்களைக் கையோடு வாங்கி வாருங்கள். பெட்டி பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஸ்பிரிங்கை மாற்றினால் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் வேண்டும். ஜிஎஸ்டி ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. காலையில் அழைத்துப் புகார் பதிந்துவிட்டேன். இனி அசல் ஸ்பிரிங் வாங்கப் போக வேண்டும், அந்த 38,500-க்கு மேல் இன்னொரு செலவு.