குவாவாவா, காமன்ஸ் லாங்கா, வெறும் ஜாவாவே போதுமா? ஒரு கொலுசுப் பட்டறை கணக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்தேன், ஜாவாங்கற ப்ரோக்ராமிங் மொழியில தான். அதோட சேத்துக்க குவாவா, காமன்ஸ் லாங்னு ரெண்டு லைப்ரரி (முன்னாடியே எழுதி வெச்ச கோடு) இருக்கு, அதுல எது வேணும்ங்கறதுதான் கேள்வி. எக்செல்ல இருந்து அவங்க சிஎஸ்வியா (கட்டத்துக்கு நடுவுல கமா போட்ட டெக்ஸ்ட் ஃபைலா) அனுப்புற வரி இப்படி இருக்கும்: "குழந்தைக் கொலுசு,250,,900,". பேரு, எடை, சேதாரம், கூலி, குறிப்புன்னு அஞ்சு கட்டம், அதுல சேதாரமும் குறிப்பும் காலி. இந்தக் காலி கட்டத்த யாரு எப்படி நடத்துறாங்கன்னு பாத்தாலே எந்த லைப்ரரி நமக்கு ஒத்துவரும்னு பாதி புரிஞ்சுடும்.

வரிய துண்டு துண்டா வெட்டற ஜாவாவோட ஸ்ப்ளிட்டுக்கு வெறும் கமா மட்டும் குடுத்தா நாலு துண்டுதான் வரும், கடைசியில இருக்கற காலிய தூக்கிப் போட்டுடும். கூட -1 குடுத்தா அஞ்சும் வரும். அப்பாச்சி காமன்ஸ் லாங்ல ஸ்ட்ரிங்யூட்டில்ஸ் ஸ்ப்ளிட்டு இன்னும் மோசம், காலி எங்க இருந்தாலும் முழுங்கிடும், மூணே துண்டு. நான் அதத்தான் போட்டிருந்தேன், மூணாவது இடத்துக்கு கூலி வந்து உக்காந்துக்கிச்சு, கட்டம் குறைஞ்சா ஜீரோ போடுன்னு வேற எழுதி வெச்சிருந்தேனா, எர்ரரும் வரல. ரிப்போர்ட்ல 250 கிராம் கொலுசுக்கு 900 கிராம் சேதாரம், கூலி ஜீரோ. "என்ன தம்பி, இருந்த வெள்ளிய விட தூசி ஜாஸ்தியா இருக்குது"ன்னு ஓனர் கேட்டாரு. லைப்ரரி மேல தப்பில்ல, அதுலயே ஸ்ப்ளிட்பிரிசர்வ்ஆல்டோக்கன்ஸ்னு தனியா ஒண்ணு இருக்கு, டாக்குமெண்ட படிக்காதது நான். கூகுளோட குவாவால ஸ்ப்ளிட்டர் எதுவும் சொல்லாமலே அஞ்சும் குடுக்கும், காலி வேணாம்னா ஆமிட்எம்ப்டிஸ்ட்ரிங்ஸ்னு நாமளே வாயத் தொறந்து சொல்லணும். இந்த விஷயத்துல குவாவாதான் கெட்டி. (டபுள் கோட்டுக்குள்ள கமா வந்தா மூணுமே ஆகாது, அதுக்கு சிஎஸ்வி பார்சரே போடுங்க.)

ஆனா நல் (மதிப்பே இல்லங்கறதுக்கு ஜாவா வெச்ச பேரு) வந்துச்சுன்னா கத மாறும். காலியான்னு பாக்க ஜாவா 11ல வந்த இஸ்பிளாங்க்க நல் மேல கூப்பிட்டா நல்பாயிண்டர் எர்ரர் வெடிக்கும். குவாவாவோட இஸ்நல்ஆர்எம்ப்டி நல்ல புடிச்சுடும், ஆனா ரெண்டு ஸ்பேஸ் மட்டும் இருந்தா காலி இல்லைன்னு சொல்லும். காமன்ஸோட இஸ்பிளாங்க் ரெண்டையும் காலின்னே எடுத்துக்கும். பட்டறையில டைப் பண்றவரு ஸ்பேஸ்பார தட்டிட்டுப் போற ஆளு, அதனால எனக்கு காமன்ஸ்தான்.

பேரும் மதிப்பும் ஜோடியா வெச்சுக்க ஜாவா 9ல வந்த மேப்.ஆஃப்ல ஒரு குசும்பு இருக்கு, போட்ட வரிசைக்கு கேரண்டி கிடையாது, ப்ரோக்ராம ஒவ்வொரு தடவ ஓட்டும்போதும் மாறலாம். பில்லுல ஹெட்டிங் ஒரு நாள் எடை முன்னாடி, மறுநாள் கூலி முன்னாடின்னு நின்னா கடைக்காரர் என்ன நினைப்பாரு? குவாவாவோட இம்யூட்டபிள்மேப் போட்ட வரிசையிலயே குடுக்கும். இதுக்காக குவாவாவ இழுக்கணுமான்னா வேணாம், போட்ட வரிசைய காப்பாத்தற ஜாவாவோட லிங்க்டுஹாஷ்மேப்பே போதும்.

வெர்ஷன் தகராறும் இருக்கு. குவாவா பழைய வெர்ஷன்கள்ல இருந்த சில மெத்தட்ட பின்னாடி தூக்கிட்டாங்க, நாம ஒரு வெர்ஷன், நாம சேர்த்த இன்னொரு லைப்ரரி வேற வெர்ஷன் கேட்டா ஓடும்போது அந்த மெத்தட் இல்லைன்னு நோசச்மெத்தட்எர்ரர் வந்து நிக்கும். காமன்ஸ் லாங் 2011ல 3க்குப் போனப்ப பேக்கேஜ் பேரையே லாங்3னு மாத்திட்டாங்க, அதனால பழசும் புதுசும் ஒரே வீட்டுல சண்டையில்லாம இருக்கும்.

தமிழ் டேட்டாவுக்கு மட்டும் ஒண்ணு சொல்லிடறேன், எல்லாமே எழுத்தான்னு பாக்கற ஸ்ட்ரிங்யூட்டில்ஸோட இஸ்ஆல்ஃபாகிட்ட "கொலுசு"ன்னு குடுத்தா இல்லைன்னு ஃபால்ஸ் குடுக்கும், ஏன்னா யூனிகோட்ல ஒகரக் குறி, உகரக் குறியெல்லாம் லெட்டர் கணக்குல வராது. ஜாவாவோட இஸ்லெட்டர்லயும் இதே தான்.

இப்ப பட்டறை ப்ராஜெக்ட்ல காமன்ஸ் லாங் மட்டும் இருக்கு, ஸ்ப்ளிட்டுக்கு -1 போட்ட ஜாவாவோடது. குவாவா சேக்கல. ஆசாரி வாரியா எடைய சேக்கற ரிப்போர்ட்டுக்கு குவாவாவோட மல்டிமேப் (ஒரு பேருக்கு பல மதிப்பு வெச்சுக்கறது) இருந்தா சொகமாத்தான் இருக்கும், ஆனா ஜாவாவோட கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட்ல ஒரே வரியில முடிஞ்சிருச்சு.