செங்கடலில் எங்களுக்குக் கைகொடுத்த எச்சரிக்கைச் சேவை: யூ.கே.எம்.டி.ஓ.வும் ஜே.எம்.ஐ.சி.யும்

நான் தூத்துக்குடிக்காரன். சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசராக இருக்கிறேன். கடல் வரைபடம், வழித்திட்டம், பாதுகாப்பு எச்சரிக்கை எல்லாம் கப்பலில் என் பொறுப்பு. 2024 ஜூனில் ருமேனியாவின் கான்ஸ்டன்ட்சாவில் கோதுமை ஏற்றி ஜிபூட்டிக்குக் கிளம்பினோம். ஏமன் கிளர்ச்சியாளர்களான ஹூதிகளின் தாக்குதலுக்குப் பயந்து பாதிக்கு மேல் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. இஸ்ரேல், அமெரிக்கா, பிரிட்டன் தொடர்புள்ள கப்பல்களைக் குறிவைப்பதாக ஹூதிகள் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு வந்த உத்தரவு சூயஸ் வழியாக, செங்கடலின் தென்முனையில் இருக்கும் பாப் எல் மண்டேப் ஜலசந்தியைத் தாண்டிப் போக வேண்டும் என்பது.

ஜூன் 12 அன்று ஏஜியன் கடலில் இருந்தோம். யூ.கே.எம்.டி.ஓ.விடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பிரிட்டிஷ் கடற்படை நடத்தும் இலவச சேவை இது. ஏமனின் ஹொதைதா துறைமுகத்துக்குத் தென்மேற்கே 66 கடல் மைலில் ஒரு கப்பலின் பின்பக்கத்தில் சிறு படகு ஒன்று மோதியது. படகு வெள்ளை நிறம், நீளம் 5 முதல் 7 மீட்டர். அவ்வளவுதான் செய்தி. அது டியூட்டர் என்ற நிலக்கரிக் கப்பல் என்றும், இன்ஜின் ரூமில் இருந்த பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவரைக் காணவில்லை என்றும் பின்னால்தான் தெரிந்தது. சில நாளில் கப்பல் மூழ்கியும் போனது.

அந்தச் சின்னச் செய்தியை வைத்து நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். அதுவரை முன்பக்கத்தையும் பக்கவாட்டையும்தான் உன்னிப்பாகப் பார்ப்போம். செய்தியில் பின்பக்கம் என்று இருந்ததால் பின்னாலும் காவலுக்கு ஆள் போட்டோம். ஜலசந்தியைக் கடக்கும் நேரத்தில் இன்ஜின் ரூமில் யாரும் இருக்க வேண்டாம் என்று சீஃப் இன்ஜினியர் முடிவெடுத்தார். ஏமன் மீனவர்களின் படகும் ஏறக்குறைய அதே அளவுதான், அதனால் எந்த வெள்ளைப் படகு நெருங்கினாலும் வயிறு கலங்கத்தான் செய்தது. ஆனாலும் நீளம், நிறம், மோதிய இடம் மூன்றும் கையில் இருந்ததால் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தது.

கரையில் நடக்கும் விவாதங்களையும் மெஸ்ஸில் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஈரான் என்ன நினைக்கிறது, அமெரிக்கா என்ன செய்யும் என்று வல்லுநர்கள் பேசுவார்கள். எங்கள் போசன், அதாவது டெக் ஆட்களின் தலைவர், மணப்பாட்டுக்காரர், இருபது வருஷத்துக்கு மேல் கடலில் இருப்பவர். ஒருநாள் என்னிடம், "சார், நம்ம கப்பல அடிப்பானா மாட்டானா, அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வந்தது ஜே.எம்.ஐ.சி. மட்டும்தான். கப்பல்களுக்கான கூட்டுத் தகவல் மையம். பஹ்ரைனில் இருக்கும் பன்னாட்டுக் கடற்படைக் கூட்டணியைச் சேர்ந்தது. யூ.கே.எம்.டி.ஓ. என்ன நடந்தது என்று சொல்லும். இவர்கள் அந்தக் கப்பலை ஏன் குறிவைத்திருக்கலாம் என்று சொல்வார்கள். உரிமையாளர் யார், அதே கம்பெனியின் வேறு கப்பல் இஸ்ரேல் துறைமுகத்துக்குப் போனதா, பழைய உரிமையாளர் பெயர் இன்னும் பதிவேட்டில் கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். உறுதியானதையும் ஊகத்தையும் கலக்காமல் எழுதுவார்கள். சீனாவுக்குக் கைமாறிய ஹுவாங் பு கப்பல் 2024 மார்ச்சில் தாக்கப்பட்டது. அது முன்பு பிரிட்டிஷ் கம்பெனியிடம் இருந்தது. அதையெல்லாம் படித்த பிறகு எங்கள் கப்பலின் பழைய பெயர்கள், பழைய உரிமையாளர்கள், கம்பெனியின் மற்றக் கப்பல்கள் போன துறைமுகங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இஸ்ரேல் தொடர்பு எதுவும் இல்லை. "வாய்ப்பு குறைவுண்ணே, ஆனா இல்லைன்னு சொல்ல முடியாது" என்று போசனிடம் சொன்னேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

கப்பல் இருக்கும் இடத்தை மற்றவர்களுக்குக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியை அணைப்பது பற்றிய அறிவுரையும் எனக்குப் பிடித்தது. அணைத்தால் நம்மைக் கண்டுபிடிப்பது கடினமாகும், உதவிக்கு வருகிறவர்களுக்கும் அதே கஷ்டம்தான் என்று இரண்டையும் சொல்லி, முடிவைக் கேப்டனிடம் விட்டிருந்தார்கள். நாங்கள் அணைத்துவிட்டு இரவில் கடந்தோம். ஜிபூட்டி வெளித்துறையில் நங்கூரம் போட்ட பிறகுதான் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

குறைகள் இல்லாமல் இல்லை. எல்லாமே ஆங்கிலத்தில். அதிகாரிகளுக்குச் சரி, ஆனால் டெக்கில் நிற்கிறவருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பையன்களுக்கு நான் தமிழில் சொன்னேன், மற்றவர்களுக்கு இந்தியில் தேர்ட் ஆபீசர் சொன்னார். அப்புறம் ஜே.எம்.ஐ.சி.யின் வார அறிக்கையை ஒரே மூச்சில் படிக்க முடியாது. அபாய அளவைக் காட்டும் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டு மற்றதை வாட்ச் (காவல் பணி) முடிந்து படிப்பது நல்லது. இதேபோல் காசு கொடுத்து வாங்கும் தனியார் அறிக்கைகளும் உண்டு. எங்கள் கம்பெனி வாங்கிய ஒன்று, இந்த இரண்டையும் அப்படியே எடுத்து அட்டை மாற்றி ஒருநாள் தாமதமாக அனுப்பியது. அதற்குக் கொடுத்த பணம் வீண்.

பல மாதம் அமைதியாக இருந்து, 2025 ஜூலையில் மேஜிக் சீஸ், எடர்னிட்டி சி என்ற இரண்டு சரக்குக் கப்பல்களை ஹூதிகள் ஒரே வாரத்தில் மூழ்கடித்தார்கள். சண்டை ஓய்ந்துவிட்டது என்று பலர் நம்பியிருந்த நேரம். இஸ்ரேலுடன் கம்பெனித் தொடர்புள்ள கப்பல்களுக்கு ஆபத்து விலகவில்லை என்பதை ஜே.எம்.ஐ.சி. அந்த அமைதியிலும் விடாமல் சொல்லிவந்தது. இந்தச் சேவையை நான் நம்புவதற்கு முக்கியக் காரணம் இது.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. யூ.கே.எம்.டி.ஓ. செய்தி யாரும் பார்க்கும்படி அவர்கள் தளத்திலேயே வரும். கப்பலின் பெயர் பெரும்பாலும் இருக்காது, "ஒரு கப்பல்" என்றுதான் இருக்கும். என் அம்மா அதை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை. மாலுமிகள் நலமா என்ற தகவல் கிடைத்திருந்தால் அதைச் செய்தியின் கீழ்ப்பக்கம் ஒரு வரியில் போட்டிருப்பார்கள். அந்த வரி எப்படி இருக்கும் என்று அம்மாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போது அதைத்தான் முதலில் தேடுகிறார்.