ஆர்க் மோட்ல முடிஞ்ச டாஸ்க்கை எப்போ ஆர்க்கைவ் பண்ணணும்: பல வருஷ யூஸுக்கு அப்புறம் என் கருத்து

டாஸ்க்குக்கு டன் (முடிஞ்சுது) போட்ட கையோட ஆர்க்கைவ் பண்ணாதீங்க, அதாவது பழசை வைக்கிற தனி ஃபைலுக்கு நகர்த்தாதீங்க. ஈமாக்ஸ்ங்கிற டெக்ஸ்ட் எடிட்டர்ல நோட்ஸ், டாஸ்க் வைக்கிற ஆர்க் மோட் யூஸ் பண்றவங்க யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது இதுதான், ஏன்னு கேட்டா கொஞ்சம் நீளமா சொல்லணும்.

டூடூ டாட் டெக்ஸ்ட்னு ஒரு ஃபார்மேட் இருக்கு, ஜினா ட்ரபானி 2006ல ஆரம்பிச்சது. அதுல ஒரு வரி ஒரு டாஸ்க், முடிஞ்சா வரிக்கு முன்னாடி ஒரு சின்ன எக்ஸ் வரும், அதோட கமாண்ட் லைன் டூல் டிஃபால்ட்டாவே அந்த வரியை அப்பவே தூக்கி டன் ஃபைல்ல போட்டுடும். அங்க அது சரி, ஏன்னா ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. ஆர்க் மோட் அப்படி இல்லைங்க. 2003ல கார்ஸ்டன் டொமினிக் (மனுஷன் வானியல் ஆராய்ச்சியாளர்) இதை எழுதினப்பவே நோட்ஸ், டாஸ்க் எல்லாம் ஒரே அவுட்லைன்ல ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கணும்கிற ஐடியாதான், அதனால ஒரு டாஸ்க்கை மட்டும் பிடுங்கினா அது எந்த ப்ராஜெக்ட்டுக்காக இருந்துச்சு, பக்கத்துல என்ன நோட்ஸ் இருந்துச்சுன்னு எல்லாமே அறுந்து போகுது.

எங்க இருந்து வந்துச்சுன்னு ஆர்க் மோட் குறிச்சு வைக்கத்தான் செய்யுது. ஆர்க் மோட்ல ஒவ்வொரு டாஸ்க்கும் ஒரு ஹெட்டிங்தான்; கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் எக்ஸ், கன்ட்ரோல் எஸ் அடிச்சா அந்த ஹெட்டிங், இப்ப இருக்கிற ஃபைலோட அதே பேர் பின்னாடி "ஆர்க்கைவ்"னு ஒட்டின இன்னொரு ஃபைலுக்குப் போகும், கூடவே ஆர்க்கைவ் ஆன நேரம், பழைய ஃபைல், மேல இருந்த ஹெட்டிங்கோட பாதை, டன்னா கேன்சலாங்கிற நிலைமை எல்லாம் ப்ராப்பர்ட்டியா ஏறிடும். ஆனா பாதைங்கிறது வெறும் எழுத்துதான், படிச்சுப் பார்த்தா புரியும், ப்ராஜெக்ட்டோட வடிவம் திரும்பி வராது.

இதைவிட எரிச்சல் கணக்கு விஷயம். ஒரு ப்ராஜெக்ட்ல அஞ்சு டாஸ்க், மூணு முடிஞ்சுது, ஹெட்டிங் பக்கத்துல 3/5னு காட்டும். அந்த மூணையும் ஆர்க்கைவ் பண்ணிட்டு அப்டேட் பண்ணிப் பாருங்க, 0/2! பாதிக்கு மேல முடிச்ச வேலை இன்னும் தொடங்காத வேலை மாதிரி நிக்கும். டாஸ்க்குக்கு செலவான நேரத்தைக் கூட்டிக் காட்டுற க்ளாக் டேபிளும் அப்படித்தான், ஆர்க்கைவ் ஃபைலையும் சேர்த்துக்கோன்னு அதோட ஸ்கோப்ல (எந்த ஃபைலைப் பார்க்கணும்கிற செட்டிங்) சொல்லலைன்னா அங்க போன டாஸ்க்குக்கு செலவான நேரம் மொத்தத்துல வராது.

அதனால நான் பண்றது, ப்ராஜெக்ட் ஓடுற வரைக்கும் முடிஞ்ச டாஸ்க் அங்கயே கிடக்கட்டும்னு விட்டுடுவேன். டன் போடும்போது க்ளோஸ்ட் நேரம் (முடிச்ச நேரம்) பதிவாகுற மாதிரி செட்டிங் கட்டாயம் ஆன்ல இருக்கணும். தேதி வாரியா டாஸ்க்கைக் காட்டுற அஜெண்டால முடிஞ்சது கண்ணுல பட்டா கடுப்பா இருக்கும்ல, அதுக்கு ஷெட்யூல்டுக்கு ஒண்ணு டெட்லைனுக்கு ஒண்ணுன்னு "டன்னா இருந்தா காட்டாதே" ஆப்ஷன் ரெண்டு இருக்கு, டிஃபால்ட்டா ஆஃப், அதை ஆன் பண்ணினாலே ஆர்க்கைவ் பண்ணணும்கிற அரிப்பு பாதி அடங்கிடும். ப்ராஜெக்ட் மொத்தமா முடிஞ்சப்புறம் மேல் ஹெட்டிங்கோட ஒரே தூக்கா தூக்கி அனுப்புவேன், உள்ள இருக்கிற நோட்ஸ் லிங்க் எல்லாம் கூடவே போயிடும். லேட்டா அனுப்பினா தேதி குழம்பும்னு பயப்பட வேண்டாம், ஆர்க்கைவ் இடத்தை டேட் ட்ரீயா (வருஷம், மாசம், தேதின்னு அடுக்கின ஹெட்டிங்) வச்சா க்ளோஸ்ட் நேரம் இருந்தா அந்தத் தேதிக்குக் கீழதான் போய் உட்காரும்.

சின்னச் சின்ன உதிரி டாஸ்க் வேற கதை. ஒரு போன் கால், ஒரு பில்னு ப்ராஜெக்ட் எதுவும் இல்லாம தனியா நிக்கிறதை எப்போ வேணா அனுப்பலாம். இதுக்கு மேல சொன்ன ஆர்க்கைவ் கீக்கு முன்னாடி கன்ட்ரோல் யூ அடிச்சா, திறந்த டாஸ்க் எதுவும் இல்லாத ஹெட்டிங்கா பார்த்து ஒவ்வொண்ணா கேட்டுக் கேட்டு நகர்த்தும். ஆர்க்கைவ் டேக் மட்டும் போட்டு அதே ஃபைல்ல மூடி வைக்கிற வழியும் இருக்கு, எனக்கு அது ஒட்டல, ஃபைல் குண்டாகிட்டேதான் போகும்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். ஆர்க்கைவ் ஃபைல் பேரை அழகுக்காக டாட் ஆர்க்னு முடியுற மாதிரி மாத்தி, அஜெண்டாக்கு முழு ஃபோல்டரையே கொடுத்திருந்தீங்கன்னா பழசெல்லாம் அஜெண்டா ஸ்கேன்ல திரும்ப வந்துடும். டிஃபால்ட் பேர் டாட் ஆர்க்னு முடியாததாலதான் தானா ஒதுங்கி நிக்குது. பழசைத் தேடணும்னா அஜெண்டாவோட டெக்ஸ்ட் சர்ச்சுக்கு ஆர்க்கைவ் ஃபைலையும் பார்க்கச் சொல்ற செட்டிங் தனியா இருக்கு, இல்லன்னா க்ரெப் (ஃபைல்ல வார்த்தை தேடுற கமாண்ட்) போதும், ப்ளெயின் டெக்ஸ்ட்தானே.

குறைன்னு சொன்னா, அனுப்பினதை ஒரே கீல திரும்பக் கூப்பிட வழி கிடையாது. கட் பண்ணி பழைய இடத்துல பேஸ்ட் பண்ணணும், ஒட்டிட்டு வந்த ப்ராப்பர்ட்டியையும் கையாலதான் அழிக்கணும். முழு ப்ராஜெக்ட்டா அனுப்ப ஆரம்பிச்சதுல இருந்து எனக்கு இந்த வேலை அபூர்வமாத்தான் வருது.