டெல்ஃபினோ சதுக்கமா, பீச் பீச்சா, டோட் துறைமுகமா?

நின்டெண்டோவின் பந்தய வீடியோ கேம் வரிசையான மாரியோ கார்ட்டில் கடற்கரை ட்ராக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. 1992-ல் வந்த சூப்பர் மாரியோ கார்ட்டிலேயே கூப்பா பீச் என்று இரண்டு ட்ராக்குகள் உண்டு. ஆனால் கடற்கரை வேறு, கடலோர ஊர் வேறு. மணலும் தென்னையும் இருந்தால் கடற்கரை. ஊர் என்றால் சந்து வேண்டும், முனை வேண்டும், திரும்பியதும் முகத்துக்கு நேரே ஒரு சுவர் வந்து நிற்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மூன்று ட்ராக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம்: டபுள் டேஷ் பதிப்பில் வந்த பீச் பீச் (2003), இரண்டு திரை கொண்ட டிஎஸ் கையடக்கக் கருவிக்கான பதிப்பில் வந்த டெல்ஃபினோ சதுக்கம் (2005), மாரியோ கார்ட் 8-ல் வந்த டோட் துறைமுகம் (2014). வேடிக்கை என்னவென்றால், மூன்றுமே அதனதன் கோப்பையில், அதாவது நான்கு ட்ராக் கொண்ட தொகுப்பில், இரண்டாவது ட்ராக். முதல் ரேஸில் கை சூடாகட்டும், அடுத்ததில் ஊர் சுற்றிக் காட்டுவோம் என்று நினைத்தார்களோ என்னவோ.

பீச் பீச்சைத் தமிழில் எழுதுவதே ஒரு கூத்து. முதல் பீச் இளவரசி, இரண்டாவது பீச் கடற்கரை. ரேஸ் ஊருக்குள் தொடங்குகிறது. வெளிர் நிறச் சுவர்கள், வெயில், அப்படியே 2002-ல் வந்த சூப்பர் மாரியோ சன்ஷைனின் டெல்ஃபினோ தீவு வாடை. ஆனால் சில நொடிதான். சாலை சரிந்து மணலில் இறங்கிவிடும். அதற்குப் பிறகு ஆட்டமெல்லாம் கடலோடும் கேட்டாக்வாக்குகளோடும்தான். வாத்து மாதிரி இருக்கும் இந்தப் பிராணிகளும் சன்ஷைனிலிருந்து வந்தவையே. பக்கத்தில் போனால் நம்மைத் தூக்கி வானத்தில் எறிந்துவிடும். அலை ஏறும்போது மணல் சுருங்கும், இறங்கும்போது விரியும். தூரத்தில் டெய்ஸி க்ரூஸர் கப்பல் தெரியும். அதுவே அதே விளையாட்டில் இன்னொரு ட்ராக், இரண்டுக்கும் ஒரே இசை.

இனிமையான ட்ராக்தான், மறுக்கவில்லை. டபுள் டேஷில் ஒரு வண்டியில் இரண்டு பேர் உட்காரலாம், ஒருவர் ஓட்ட மற்றவர் பொருள்களை வீசலாம். அக்கா மகனுக்கு ஆறு வயதாக இருந்தபோது அவனைப் பின்னால் உட்கார வைத்து இதில்தான் பழக்கினேன். வாத்து தூக்கிப் போடும் ஒவ்வொரு முறையும் சிரித்துச் சிரித்துக் கையில் இருந்த ஷெல்லை (எதிரி வண்டி மேல் எறியும் ஆமை ஓடு) வீசவே மறந்துவிடுவான். ஆனால் ஊர் எங்கே? வாசலில் கட்டிய தோரணம் மாதிரி, நுழையும்போது ஒரு தரம் பார்க்கிறோம், அவ்வளவுதான். மூன்று சுற்று முடிந்த பிறகு அந்த ஊரில் எந்தத் தெரு எங்கே திரும்பியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

டெல்ஃபினோ சதுக்கத்தில் அது மனப்பாடம் ஆகிவிடும். ஆகாவிட்டால் ஜெயிக்க முடியாது. பார்வைக்கு மூன்றிலும் ஏழை இதுதான். டிஎஸ்ஸின் சின்னத் திரையில் கட்டங்கட்டமான வீடுகள், தட்டையான வானம். ஆனால் சாலை ஊருக்குள்ளேயே பின்னிப் பின்னிப் போகிறது. ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். துறைமுகப் பக்கம் ஒரு தூக்குப் பாலம். அது தாழ்ந்திருந்தால் நேராக ஓட்டலாம், எழும்பியிருந்தால் பறக்க வேண்டும். அப்புறம் ஒடுங்கிய தெருக்கள், கையில் வேகம் கூட்டும் மஷ்ரூம் இருந்தால் மட்டும் லாபம் தரும் ஒரு குறுக்குச் சந்து.

ஒடுங்கிய தெரு என்பது வெறும் அலங்காரம் அல்ல, அங்கே ஆயுதங்களின் மதிப்பே மாறிவிடுகிறது. திறந்த வெளியில் சிவப்பு ஷெல்தான் ராஜா, தானே துரத்திப் போய் அடிக்கும். இங்கே முனையில் திரும்பத் தெரியாமல் சுவரில் மோதிச் சிதறும். யாரும் மதிக்காத பச்சை ஷெல்லோ இரண்டு சுவருக்கும் நடுவில் பந்து மாதிரி எகிறி எகிறி வரும். யாரைத் தாக்கும் என்று எறிந்தவனுக்கே தெரியாது. முனை திரும்பியதும் ஒரு வாழைப்பழத் தோலைப் போட்டு வைத்தால் பின்னால் வருபவன் கதை முடிந்தது.

இங்கேதான் டிஎஸ்ஸின் கீழ்த்திரை கைகொடுக்கிறது. அதில் மேலிருந்து பார்க்கும் வரைபடம் ஓடும். அருகில் கிடக்கும் தோல், வரும் ஷெல் எல்லாம் அதில் தெரியும். அதாவது சுவருக்கு அந்தப் பக்கம் என்ன கிடக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். மேல்திரையில் ஒரு கண், கீழ்த்திரையில் ஒரு கண் என்று ஓட்டப் பழகியவனுக்கு இந்த ஊர் கைக்குள் அடங்கிவிடும்.

2008-ல் வீ கருவிக்காக வந்த பதிப்புக்கு இந்த ட்ராக்கைக் கொண்டுபோனார்கள். பீச் பீச்சையும்தான். ஆகவே இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டுமானால் வீயில் ஓட்டிப் பார்ப்பதே நியாயம்: பீச் பீச் ஷெல் கோப்பையில் முதலாவது, டெல்ஃபினோ பனானா கோப்பையில் மூன்றாவது. டிஎஸ்ஸில் 8 வண்டி, வீயில் பைக்குகளும் சேர்ந்து 12. மணலில் இந்தக் கூட்டம் பரவிப் போய்விடுகிறது, கூடுதல் நான்கு வண்டி உறுத்தவே இல்லை. டெல்ஃபினோ சந்தில் அது திருவிழா நெரிசல். கீழ்த்திரையும் கிடையாது. மூலை வரைபடம் வண்டிகளைக் காட்டும், தோலைக் காட்டாது. வீட்டில் நான்கு பேர் உட்கார்ந்து கத்தி விளையாட இதைவிட நல்ல ட்ராக் சொல்வது கஷ்டம். தனியாக உட்கார்ந்து நேரத்தைக் குறைக்க நினைப்பவருக்கு டிஎஸ் பதிப்புதான்.

சரி, டோட் துறைமுகம். கண்ணுக்கு விருந்து என்றால் இதுதான். சான் பிரான்சிஸ்கோவை நினைவூட்டும் மேடான தெருக்கள், அவற்றில் ஏறி இறங்கும் ட்ராம், துறைமுகத்தில் கப்பல், சுதந்திர தேவி சிலை பாணியில் நிற்கும் பீச் இளவரசி. இசையை நிஜ வாத்தியக்காரர்களை வைத்தே பதிவு செய்தார்கள். மேடேறும் இடத்தில் பல வழிகள் பிரிகின்றன. ஆனால் எந்த வழியில் போனாலும் பெரிய நஷ்டம் இல்லை என்பதுதான் என் வருத்தம். சாலை தாராளம், தப்பு செய்தாலும் ஊர் மன்னித்துவிடுகிறது. இந்தக் குறைக்கு ஒரு மருந்து உண்டு. 2015 ஏப்ரலில் அப்டேட்டாக வந்த 200 சிசி என்ற அதிவேகப் பிரிவில் ஓட்டிப் பாருங்கள். அதே அகலச் சாலை திடீரென்று ஒடுங்கிவிடும், சரிவில் இறங்கும்போது பிரேக் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் ஞாபகம் வரும். அதைவிட மெதுவான 150 சிசியில் இது எனக்கு மூன்றாவது இடம், 200-ல் டெல்ஃபினோவுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

வாங்கி விளையாடும் வசதியைப் பார்த்தால் நிலைமை தலைகீழ். டோட் துறைமுகம் ஸ்விட்ச் கருவியின் மாரியோ கார்ட் 8 டீலக்ஸில் இருக்கிறது. பீச் பீச் 2025-ல் வந்த மாரியோ கார்ட் வேர்ல்டில் புதுப் பொலிவோடு திரும்பியிருக்கிறது. டெல்ஃபினோவுக்கோ பழைய கருவியும் பழைய கேமும் தேட வேண்டும். டிஎஸ், வீ இரண்டுக்கும் நின்டெண்டோவின் ஆன்லைன் சேவையும் 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. 8 டீலக்ஸுக்குக் கூடுதலாக 48 ட்ராக்குகளை 2022-லிருந்து தவணை தவணையாக விட்டார்கள். ஒவ்வொரு பட்டியல் வந்தபோதும் முதலில் இந்தப் பெயரைத்தான் தேடினேன். 2023 நவம்பரில் கடைசித் தவணையும் வந்தது, அதிலும் இல்லை. அக்கா மகன் இப்போது ஸ்விட்ச்சில் என்னைச் சுலபமாகத் தோற்கடிக்கிறான். நான் டிஎஸ்ஸைச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன், தூக்குப் பாலம் பக்கம் ஒரு நாள் வரட்டும்.